யார் வைத்த சோறு?

பனவடலிசத்திரம் என்ற பெயரைப் பிரித்தால் இரண்டு சொற்கள் கிடைக்கும். ஒன்று பனைவடலி, அதாவது இளம் பனை. மற்றொன்று சத்திரம், வழிப்போக்கர்களுக்குத் தங்க இடமும் உண்ணச் சோறும் கிடைத்த கட்டடம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் சாலையில் இருக்கிறது இந்த ஊர். தமிழ்நாட்டில் சத்திரம் என்று முடியும் ஊர்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட ஊர்களில் சத்திரம் கட்டியவரின் பெயர் கல்வெட்டிலோ வாய்மொழியிலோ எங்காவது மிஞ்சியிருக்கும். அன்றாடம் அங்கே உலை வைத்தவரின் பெயர் மிஞ்சியிருக்காது. 'சோறு போட்டவர்' என்று நம் மொழி சொல்வது பொருள் கொடுத்தவரை. பொங்கியவரை அல்ல.

சத்திரத்துச் சோற்றுக்கு நேர்ந்ததுதான் இந்தப் பகுதி வீடுகளில் நாய்ச்சட்டியில் விழும் சோற்றுக்கும் நேர்கிறது. நாய்க்கு வீட்டில் சமைத்துப் போடுவது பற்றி இன்று ஏராளமாகப் பேசப்படுகிறது. நாட்டு நாய்ப் பெருமை பேசுகிறவர்கள் அதைப் பாரம்பரியம் என்கிறார்கள். பொட்டல உணவு விற்கிறவர்கள் அதை அறியாமை என்கிறார்கள். செல்லப்பிராணிச் சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் அதை அன்பு என்கிறார்கள். மூன்று பேச்சிலும் நாய் இருக்கிறது, நாயின் உரிமையாளர் இருக்கிறார், உணவு இருக்கிறது. அடுப்பருகே நின்றவள் மட்டும் இல்லை. இந்த மூன்று பேச்சுகளையும் அவள் நின்ற இடத்திலிருந்து ஒருமுறை வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் பெருமைப் பேச்சு. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற வேட்டை நாய்களின் தாயகம் இந்தக் கரிசல் வட்டாரமும் அதன் அக்கம்பக்கமும்தான். சங்கரன்கோவிலுக்கு வடக்கே போனால் ராஜபாளையம். அதன் பெயரையே தாங்கிய வெள்ளை நாய் 2005ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி அஞ்சல் தலையில் ஏறியது. விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்ற கிராமம் இன்னொரு இனத்துக்குப் பெயர் கொடுத்தது. கறுப்பு உடம்பும் பழுப்புக் கால்களும் கொண்ட கன்னி நாய் இந்தத் தென்மாவட்டங்களுக்கே உரியது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய அளவில் இந்திய நாயினங்களாகப் பதிவு பெற்றுவிட்டன. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது இவற்றின் பெயர்களும் வந்தன. 2017இல் சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்கள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதினார். நம் நாய்களைப் பற்றி நமக்கே தெரியாதிருந்த காலம் அப்படி மாறியது. அது நல்ல மாற்றம்தான்.

ஆனால் இந்தப் பெருமைப் பேச்சின் வழக்கமான சட்டகத்தைக் கவனியுங்கள். படம் எடுத்தால் நாயின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து நிற்பவர் ஆண். வேட்டைக்குப் போனவர், குட்டியைத் தேர்ந்தெடுத்தவர், கண்காட்சிக்குக் கொண்டுபோனவர், பரம்பரை சொல்பவர் எல்லோரும் ஆண்களே. நாய் என்ன சாப்பிட்டது என்று கேட்டால், 'கம்பங்கூழும் சோளக்கூழும் மோரும்தான், வேறென்ன' என்று ஒரே வரியில் பதில் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் எத்தனை வேலை அடங்கியிருக்கிறது என்று கரிசல் பெண்களைக் கேட்டால் தெரியும். கம்பைப் புடைக்க வேண்டும், தண்ணீர் தெளித்து உரலில் குத்தி உமி போக்க வேண்டும், மறுபடி புடைக்க வேண்டும், இடிக்க வேண்டும், கரைக்க வேண்டும், அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாவரைக்கும் மில் வந்த பிறகு குத்துவது குறைந்தது. கிண்டுவது குறையவில்லை. நாட்டு நாயின் எளிய உணவு என்று பெருமையாகச் சொல்லப்படுவது உண்பதற்கு எளியது, ஆக்குவதற்கு எளியதல்ல.

கன்னி என்ற பெயரையும் சற்று நின்று பார்க்க வேண்டும். திருமணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதால் அந்த நாய்க்கு இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. உண்மையோ புனைவோ, இனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை விரும்பிச் சொல்கிறார்கள். கதையை நம்பினால் அதிலிருந்து ஒன்று தானாக வெளிப்படுகிறது. பெண்ணோடு நாயும் போனது என்றால், புகுந்த வீட்டில் அந்த நாய்க்குச் சோறு வைக்கும் வேலையும் அவளோடு போனது. சீர் வரிசையில் பாத்திரம் இருந்தது, நாய் இருந்தது, இரண்டையும் நிரப்பும் கையும் இருந்தது. கதை சொல்கிறவர்கள் நாயை வியந்துவிட்டுக் கையை விட்டுவிடுகிறார்கள்.

பெயர் மட்டுமல்ல, இனத் தூய்மை என்ற சொல்லும் கவனிக்க வேண்டியதுதான். மதுரை வட்டாரத்துக் கிராமங்கள் சிலவற்றில் தலித் மக்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று தடை இருந்ததைத் தீண்டாமைக்கு எதிரான கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. தங்கள் வீட்டுப் பெட்டை நாயோடு அந்த நாய் சேர்ந்துவிடக் கூடாது என்பதே காரணம். பெண்ணின் கருப்பையைக் காவல் காத்தே சாதி வாழ்கிறது என்று பெண்ணியம் சொன்னபோது மிகை என்று சிலர் சிரித்தார்கள். சாதி நாயின் கருப்பைக்கும் காவல் போட்டது. ஆகவே எந்த வீட்டில் எந்த நாய் சாப்பிடலாம் என்பது நம் ஊரில் வெறும் சத்துணவுக் கேள்வியாக என்றும் இருந்ததில்லை.

இந்த இடத்தில் 'பரியேறும் பெருமாள்' படத்தைப் பேசாமல் போக முடியாது. 2018இல் வந்த மாரி செல்வராஜின் அந்தப் படம், திருநெல்வேலி வட்டாரத்தில் ஒரு நாய் எப்படிச் சாதி வெறிக்குப் பலியாகிறது என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. வேட்டைக்குப் போய்வந்த கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டி வைத்துக் கொல்கிறார்கள். தமிழ் சினிமா நாயைக் காமெடிக்கும் சாகசத்துக்கும் பயன்படுத்திவந்த நிலையில், ஒரு நாயின் சாவை ஊரின் சாவாகக் காட்டிய படம் அது. கருப்பி பெண் நாய் என்பதும் தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். அந்தப் படத்தின் மதிப்பில் எனக்கு ஐயமில்லை.

ஆனாலும் படம் பார்த்தவர்களின் நினைவில் கருப்பி எங்கெல்லாம் இருக்கிறாள்? வேட்டைக்காட்டில், நீர்நிலையில், தண்டவாளத்தில், பிறகு பரியனின் கனவுவெளியில். அடுப்படி வாசலில் வட்டிலுக்குக் காத்து நிற்கும் கருப்பியை யாரும் நினைவுகூர்வதில்லை. இது ஒரு படத்தின் குறை அல்ல, நம் பார்வையின் பழக்கம். நாயும் மனிதனும் என்றதும் நமக்கு வெளியிடம்தான் தோன்றுகிறது: காடு, வயல், கிடை, தெரு. அந்த நாய் ஓடுவதற்கான வலு கிடைத்த இடம் வீட்டின் பின்கட்டு. கருப்பிக்காக அழும் நாம், கருப்பிக்கு அன்றாடம் கஞ்சி ஊற்றியவள் யார் என்று கேட்கத் தொடங்கினால் அந்தப் படத்தையே இன்னும் ஆழமாகப் பார்த்தவர்கள் ஆவோம். ஏனென்றால் தண்டவாளத்தில் அறுந்தது ஓர் இளைஞனின் தோழமை மட்டுமல்ல, ஏதோ ஓர் அடுக்களையின் பல வருட உழைப்பும்தான்.

சமைத்த சோற்றுக்கும் நாய்க்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. 2013இல் 'நேச்சர்' இதழில் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் 2 படிகள்தான் உள்ளன. நாயிடம் 4 முதல் 30 படிகள் வரை உள்ளன. மனிதர்கள் பயிரிட்டுத் தானியம் தின்னத் தொடங்கிய காலத்தில், மிஞ்சிய மாவுச்சத்தைத் தின்று வாழத் தெரிந்த விலங்கே நாயாக நிலைபெற்றது என்பது அவர்கள் கண்டதன் பொருள். அதாவது நாயின் வரலாற்றில் வேட்டைக்காரன் மட்டும் இல்லை. தானியத்தை இடித்தவர்களும் வேகவைத்தவர்களும் இருக்கிறார்கள். கம்பங்கூழ் குடித்த கரிசல் நாய் அந்த நெடுங்கதையின் ஒரு பகுதி.

பெண்ணியச் சிந்தனையிலும் நாய்க்கு இடம் உண்டு. டோனா ஹாராவே 2003இலும் 2008இலும் எழுதிய நூல்களில் நாயையும் மனிதரையும் துணை உயிர்கள் என்று பேசினார். தோழமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'ரொட்டியைச் சேர்ந்து உண்பவர்' என்பது பொருள் என்று அவர் சுட்டிக்காட்டியது பலராலும் எடுத்தாளப்படுகிறது. அழகான கருத்து. ஆனால் ரொட்டியைச் சேர்ந்து உண்பவர்கள் தோழர்கள் என்றால், ரொட்டி சுட்டவர் அந்தப் பந்தியில் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? நம் வீடுகளில் அவர் உட்காருவதே இல்லை. எல்லோரும் உண்ட பிறகு, நாய்க்கும் வைத்த பிறகு, அடுப்படித் தரையில் தட்டை எடுத்துக்கொள்கிறார். சேர்ந்து உண்பதுதான் தோழமை என்ற அளவுகோலை வைத்தால் வீட்டின் தோழமையில் நாய்க்கு இருக்கும் இடம்கூட அவருக்கு இல்லை.

இனி சமையல் குறிப்புகளின் மொழி. 'அரிசியைக் குழைய வேகவைக்கவும். கோழிக்கறியை எலும்பு நீக்கிச் சேர்க்கவும். கேரட்டைத் துருவிப் போடவும். ஆறிய பின் நாய்க்குக் கொடுக்கவும்.' நாய்க்கான வீட்டு உணவு பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் இந்த நடையில்தான் இருக்கின்றன. தமிழில் '-வும்' என்று முடியும் இந்த ஏவல் வசதியானது. யாரை ஏவுகிறோம் என்று சொல்லத் தேவையில்லை. மனிதர்களுக்கான சமையல் குறிப்பிலும் இதே நடைதான். அங்காவது 'இல்லத்தரசிகளே' என்று ஒரு விளி எப்போதாவது வரும். அந்த விளியில் ஆயிரம் கோளாறு உண்டு, ஆனால் ஆள் இருக்கிறார். நாய்ச் சமையல் குறிப்பில் விளிக்கப்படுபவர் 'செல்லப்பிராணி வளர்ப்பவர்'. வளர்ப்பவர் என்றால் கழுத்துப்பட்டை வாங்கியவர், தடுப்பூசிக்குக் கூட்டிப்போனவர். 'கொடுக்கவும்' என்ற சொல்லைப் படிப்பவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர்.

நாய்க்குத் தனியாகச் சமைப்பது என்பதே இந்தப் பகுதி வீடுகளில் ஒரு தலைமுறைப் பழக்கம்தான். அதற்கு முன்னால் நாய்க்கென்று எதுவும் சமைக்கப்பட்டதில்லை. வேட்டைக்காக விசேஷமாக வளர்க்கப்பட்டவை நீங்கலாக, மற்ற நாய்கள் மிச்சத்தில் வாழ்ந்தன. வடித்த கஞ்சி, சட்டியில் ஒட்டிய சோறு, தட்டில் மிஞ்சிய குழம்புச் சோறு. பிறகு நகரத்து நாயினங்கள் ஊருக்குள் வந்தன. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு குட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான். அது குழம்புச் சோறு தின்றால் வயிற்றுப்போக்கு, தோலில் அரிப்பு. அதற்குத் தனி உலை வைக்க வேண்டியதாயிற்று. கோழிக்கடையில் 'நாய்க்கு' என்று கேட்டால் காலும் கழுத்தும் ஈரலும் சேர்த்துப் பொட்டலம் கட்டித் தருவார்கள். 'நாய்க்கு' என்று கேட்டு வாங்கிப் போய் வீட்டுக்குக் குழம்பு வைக்கும் பெண்களும் உண்டு என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும்.

பொட்டல உணவு இந்த வேலையிலிருந்து விடுதலை தரும் என்று சொல்லி வந்தது. அதன் வரலாறு நீண்டது. 1860 வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் நாய்களுக்கான பிஸ்கட்டை விற்கத் தொடங்கினார். அடுத்த நூறு ஆண்டுகளில் அது பெருந்தொழிலாக வளர்ந்தது. வீட்டு மிச்சத்தை நாய்க்குப் போடுவது தவறு என்று அமெரிக்காவில் அந்தத் தொழில் திட்டமிட்டுப் பரப்புரை செய்தது. இன்று சங்கரன்கோவில் கடைகளிலும் அந்தப் பொட்டலங்கள் தொங்குகின்றன. ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய புத்தகம், வீட்டு வேலையைக் குறைக்க வந்த கருவிகள் பெண்களின் வேலையை எப்படிக் குறைக்காமல் விட்டன என்று காட்டியது. பொட்டல உணவின் கதையும் அப்படித்தான். நம் வீடுகளில் அதை மட்டுமே போடக் கட்டுப்படியாகாது. ஆகவே அவள் சோறு வடித்து, அதில் பொட்டலத்திலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு, பால் ஊற்றிப் பிசைந்து வைக்கிறாள். அடுப்பு வேலை அப்படியே இருக்கிறது. புதிதாக வந்தது ஒரு செலவும், பொட்டலம் சீக்கிரம் தீர்ந்ததற்கு அவள் சொல்ல வேண்டிய பதிலும்.

வீட்டுச் சாப்பாட்டின் மீது அறிவியல் வைக்கும் விமர்சனத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். 95 விழுக்காடு குறிப்புகளில் நாய்க்குத் தேவையான சத்துகளில் ஒன்றாவது போதாமல் இருந்தது. பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேல். அன்பாகச் சமைத்தால் போதும் என்ற பேச்சை இந்த எண் உடைத்துவிடுகிறது. வெறும் பால்சோறு நாய்க்குப் போதாது. எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் போட்டால் கால்சியம் குறையும். வளரும் குட்டிக்கு அதனால் கால் வளையும். சமைத்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றையும்விட நம் சமையலுக்கு முக்கியமானது வெங்காயமும் பூண்டும். அவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சின்ன வெங்காயம் இல்லாமல் குழம்பே இல்லாத வட்டாரத்தில் குழம்புச் சோறு நாய்க்கு ஆகாது என்பது சின்ன செய்தி அல்ல.

இந்தச் செய்தி யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி. கால்நடை மருத்துவமனையில் வழக்கமாக நடப்பதை நினைத்துப் பாருங்கள். பைக்கில் நாயை முன்னால் வைத்துக்கொண்டு வருபவர் ஆண். மருத்துவர் கேட்கிறார்: 'என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?' அவர் சொல்கிறார்: 'வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர்.' அதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. வெங்காயம் போட்டார்களா, எலும்பை எடுத்தார்களா, எத்தனை வேளை வைத்தார்கள், நேற்று மிஞ்சியதா இன்று ஆக்கியதா என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் வீட்டில் இருக்கிறாள். மருத்துவர் சொல்வதை அவர் கேட்டுக்கொண்டு திரும்புகிறார். வீட்டுக்கு வந்ததும் அது அறிவுரையாக வந்து சேருவதில்லை, குற்றச்சாட்டாக வந்து சேருகிறது: 'நீ கண்டதையும் போட்டுத்தான் இதுக்கு இப்படி ஆயிருக்கு.' தெரிந்தவளிடம் கேள்வி கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டவரிடம் பதில் இல்லை. நடுவில் நாய் மெலிகிறது.

ஆகவே 95 விழுக்காடு என்ற எண்ணை இரண்டு விதமாக வாசிக்கலாம். வீட்டுச் சமையல் ஆபத்து, பொட்டலம் வாங்குங்கள் என்பது ஒன்று. சமைப்பவளுக்குச் சரியான குறிப்பு இதுவரை தரப்படவில்லை என்பது இன்னொன்று. முதல் வாசிப்பை விளம்பரங்கள் செய்கின்றன. இரண்டாவதை யாரும் செய்வதில்லை. மனிதக் குழந்தையின் சத்துணவு விஷயத்தில் அரசு அந்த இரண்டாவது வழியைத்தான் எடுத்தது. அங்கன்வாடிப் பணியாளர் தாயிடம் நேரடியாகப் பேசினார், தகப்பன் வழியாகச் சொல்லி அனுப்பவில்லை.

மிச்சம் என்ற சொல்லுக்கு வருவோம். இந்த விஷயத்தின் மையம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. மரபான தமிழ் வீட்டில் மிச்சத்தை நம்பி இருந்தவர்கள் இரண்டு பேர்: நாய், சமைத்த பெண். பழையதைத் தின்றவள், அடிச்சட்டியை வழித்தவள், குழம்பு தீர்ந்ததால் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டவள். கொஞ்சமாக மிஞ்சிய நாளில் இருவருக்கும் இடையில் பங்கு பிரித்தவளும் அவளே. நாயை முந்தித் தான் தின்ன அவளுக்கு மனம் வராது. இப்போது சத்துணவு அறிவு வந்து நாயை மிச்சத்திலிருந்து மீட்டிருக்கிறது. மிஞ்சியதைப் போடாதே, அதற்கென்று தனியாகச் சமை, புரதம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, ஈரல் வாரம் எத்தனை முறை என்று அளந்து கொடு என்கிறது. நாய்க்கு அது நல்லது. நாய் மிச்சத்திலிருந்து மீண்டுவிட்டது. அவள் மீளவில்லை. அவளுடைய தட்டு இன்னும் மிச்சத்தில்தான் நிற்கிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. பாதிக்கு மேல். அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் இன்று காலையும் ஈரலை வேகவைத்து, ஆறவைத்து, சிறு துண்டுகளாக நறுக்கி நாய்ச்சட்டியில் போட்டிருப்பார்கள். நாய்க்கு ஈரல் வேண்டாம் என்பதல்ல வாதம். நாயின் இரத்தத்தைக் கெடுக்கும் வெங்காயத்தைப் பற்றி எச்சரிக்கும் நம் அறிவு, அந்த வெங்காயத்தை ஒதுக்கிவைத்துச் சமைப்பவளின் இரத்தத்தைப் பற்றி அதே மூச்சில் ஏன் பேசுவதில்லை என்பதே கேள்வி. ஒரு வீட்டில் நாய்க்கு உணவு அட்டவணை இருந்து, அந்த வீட்டுப் பெண்ணுக்கு இல்லை என்றால், அது விலங்கன்பின் வெற்றி என்று சொல்ல முடியாது.

நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அந்தக் கணக்கெடுப்பு பின்பற்றிய பன்னாட்டு வகைப்பாட்டில் வளர்ப்பு விலங்குப் பராமரிப்பு தனி வகையாகவே இருக்கிறது. ஆனால் ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில், மனிதருக்கு ஒரு உலையும் நாய்க்கு ஒரு உலையும் வைப்பவள் அதைத் தனி வேலையாகச் சொல்வதில்லை. 'சமைச்சேன்' என்று முடித்துவிடுவாள். நாயைச் சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போகும் ஆணின் அரைமணி நேரம் நாய் வளர்ப்பு என்று பதிவாகும். அவளுடைய ஒரு மணி நேரம் சமையலுக்குள் கரைந்துபோகும். 2023 செப்டம்பர் 15இல் தமிழ்நாடு அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது, பெண்ணின் கூலியில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அதைச் சொன்னது. மாதம் 1000 ரூபாய். தொகையைவிட அதன் பெயரில் உள்ள 'உரிமை' என்ற சொல் முக்கியமானது. கருணையிலிருந்து உரிமைக்கு நகர்ந்த அந்தச் சொல் அரசு ஆணையில் ஏறிவிட்டது, வீட்டு அடுப்படியில் இன்னும் ஏறவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும். 'பெண்கள் விரும்பித்தானே செய்கிறார்கள்? நாயிடம் பேசுவதே அவர்கள்தானே?' உண்மை. பிள்ளைகள் வெளியூர் போன வீட்டில், கணவன் கடைத்தெருவில் இருக்கும் பகலில், பெண்ணுக்குப் பேச்சுத்துணை நாய்தான். அந்த அன்பை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அன்பு இருக்கிறது என்பதால் வேலை இல்லை என்று ஆகிவிடாது. தாய்மையைப் பற்றியும் இதைத்தான் சொன்னார்கள். அன்பு என்ற சொல்லைப் போட்டு வேலையை மூடினார்கள். அம்பை 1988இல் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யை வெளியிட்டதிலிருந்து தமிழில் சமையலறை பற்றிய பெண்ணிய வாசிப்புக்கு ஒரு மரபு உண்டு. அந்தச் சமையலறையின் பின்வாசலில் ஒரு நாயும் நிற்கிறது என்பதைச் சேர்த்துக்கொண்டால் அந்த மரபு விரியும்.

நாயின் நன்றியைப் பற்றி நம் கதைகள் ஓயாமல் பேசுகின்றன. அந்த நன்றி எப்போதும் எஜமானுக்குப் போகிறது. நிஜ நாயைக் கவனித்தால் வேறு தெரியும். களையெடுக்கப் போனவள் திரும்பும் நேரத்துக்கு அது தெருமுனையில் போய் நிற்கும். பாத்திரச் சத்தம் கேட்டால் எழுந்து வரும். அவள் காய்ச்சலில் படுத்தால் வாசல்படியில் தலைவைத்துக் கிடக்கும். சோறு எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதில் நாய்க்குக் குழப்பமே இல்லை. குழப்பம் கதை எழுதியவர்களுக்குத்தான்.

அந்தக் கை வீட்டைத் தாண்டி நீளும்போது மட்டும் அது சட்டென்று எல்லோர் கண்ணிலும் படுகிறது. தெருநாய்க்குச் சோறு வைக்கும் பெண்ணை ஊர் கவனிக்கிறது, ஏசுகிறது, 'வேற வேலை இல்லையா' என்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்களுக்கு உணவிட இடம் ஒதுக்கச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றமும் பொது இடத்தில் கண்டபடி உணவிடக் கூடாது, அதற்கென இடங்களை உள்ளாட்சிகள் ஒதுக்க வேண்டும் என்றது. நாய்க்கடிக்கு அஞ்சும் மக்களின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டுக்குள் ஆயிரம் முறை செய்தபோது கண்ணுக்கே தெரியாத வேலை, வீதியில் ஒருமுறை செய்ததும் குற்றமாகத் தெரிவது எப்படி? வேலை ஒன்றுதான். வீட்டுக்குள் அது கடமை, வெளியே அது திமிர்.

இவ்வளவு சொன்ன பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பனவடலிசத்திரத்துக்கு எட்டாத தூரமில்லை. கம்பு, கேழ்வரகு, முட்டை, கருவாடு, கோழிக்கால் என்று இந்த மண்ணில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, குட்டிக்கு எவ்வளவு, ஈன்ற பெட்டைக்கு எவ்வளவு, கிழநாய்க்கு எவ்வளவு என்று ஓர் அட்டவணையைத் தமிழில் போட்டுக் கிராமத்துக் கால்நடை மருந்தகச் சுவர்களில் ஒட்டுவது பெரிய காரியமல்ல. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதில் எவ்வளவு நாயின் உடம்பில் சேரும், முட்டை ஓட்டைப் பொடித்து எவ்வளவு சேர்க்கலாம் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த அட்டவணை 'கொடுக்கவும்' என்று முடியாமல், 'வீட்டில் யார் சமைக்கிறீர்கள்? இன்று உங்கள் முறையா?' என்று தொடங்கட்டும்.

மருத்துவர்கள் நாயைக் கொண்டுவந்தவரிடம் 'என்ன சாப்பாடு?' என்று கேட்பதற்கு முன் 'யார் ஆக்குறது?' என்று கேட்கட்டும். ஆக்குகிறவரிடம் போனிலாவது பேசட்டும். நாயின் இனப் பெருமையை எழுதுகிறவர்கள் இனி ஒரு வீட்டுக்குப் போனால் முற்றத்தோடு திரும்பாமல் பின்கட்டு வரை போகட்டும். அங்கே நிற்பவளிடம் நாயின் சூல், ஈற்று, நோய், பசி, பிடிவாதம் பற்றி அவர்கள் புத்தகத்தில் இல்லாத நூறு செய்தி இருக்கும். நாய் வேண்டும் என்று குட்டியைத் தூக்கிவரும் ஆண்கள் உலை வைக்கவும் கற்றுக்கொள்ளட்டும். நாய்ச் சமையல் கடினமானதல்ல. உப்பில்லை, காரமில்லை, தாளிப்பில்லை, ருசி சரியில்லை என்று தட்டைத் தள்ளிவிடும் ஆளும் இல்லை. சமைக்கத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஓர் ஆண் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

அந்த ஈரலில் ஒரு பாதியை மிளகு போட்டு வதக்கி, சமைத்தவள் முதலில் சாப்பிடட்டும். நாய் காத்திருக்கும். காத்திருக்க அதற்குத் தெரியும்.